இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்

மானகிரிப் பொட்டலில் நூறு மீட்டர் ஏர் ரைபிள் போட்டி. ஜெயிக்கும் ஒருவருக்குத்தான் மாநிலப் போட்டியில் இடம். அதற்காகத்தான் ஆரோக்கிய ஷீலா இத்தனை நாள் தவம் கிடந்தாள். அவளுக்கு அடுத்த இடத்தில் நாச்சியாபுரம் சேவுகன் துப்பாக்கியோடு படுத்திருந்தார்.

துப்பாக்கி ஸ்கோப்பில் கானல் நெளிந்தது. அட்டையில் ஸ்லக் குண்டு துளைத்த ஓட்டை எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் பெரிய தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்த கணவர் மரிய ஜெரால்டு சொல்வதுதான் அவளுக்குக் கண்.

"காத்து இடப்பக்கமா தள்ளுது ஷீலா. வலப்பக்கம் தள்ளிப் பிடி."

"சரியாத்தாங்க பிடிச்சிருக்கேன். மனசு ஒப்பலையே..."

"பாக்குறது நானா, நீயா? இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்!"

கை சொல்வதை நம்புவதா, கட்டியவர் சொல்வதை நம்புவதா? பாவம், அவள் என்ன செய்வாள்? தள்ளிப் பிடித்தாள்.

"ஆகா! நட்டநடுவுல விழுது! அப்படியே அடி!"

போட்டி முடிந்து குறி அட்டைகள் வந்தன. ஷீலாவின் அட்டையில் முதல் இரண்டு ஓட்டைகள் நடுவில் இருந்தன. மற்றதெல்லாம் வலது ஓரத்தில். ஜெரால்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷீலாவுக்கு அழுகைகூட வரவில்லை.

கோப்பையோடு வந்த சேவுகன் ஜெரால்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். உங்க தொலைநோக்கி திரும்பியிருந்த பக்கத்த வச்சு, என் அட்டையப் பாத்துத்தான் தங்கச்சிக்குச் சொல்றீகன்னு ரெண்டாவது குண்டுலயே தெரிஞ்சுபோச்சு. சொல்லிருவோம்னுதான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க சொன்னபடி நான் தள்ளிப் பிடிக்க, எனக்கு நடுவுல விழ ஆரம்பிச்சிருச்சேண்ணே!"