நான்காவது வரி

மொத்தம் இருபத்து நான்கு படிகள் என்றார்கள். நான் பதினோராவது படியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கீழே, லாசருவின் கல்லறைக்குள், எங்கள் ஊர் ஃபாதர் இலாரியோன் செத்தவர்களின் பெயர்களைச் சத்தமாக வாசிக்கிறார். ருமேனியாவிலிருந்து புனிதப் பயணம் வந்த நாற்பது பேரின் தாள்களும் அவர் கையில் இருக்கின்றன. எங்கள் வீட்டுத் தாள் எத்தனையாவது என்று தெரியவில்லை.

அந்தத் தாளில், செத்தவர்கள் பக்கத்தில், உயிரோடு இருக்கும் என் மகன் ரெமுஸின் பெயர் இருக்கிறது.

எழுதியது நான்தான்.

கோயிலுக்குக் கொடுக்கிற தாளை நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவோம். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்கள், அவர்கள் நலத்துக்காக. வலப்பக்கம் மேலே சிலுவை போட்டு, செத்தவர்கள். இடம் மாறி விழுந்த பெயர்க்காரன் அந்த வருஷத்தைத் தாண்டமாட்டான் என்று ஊரில் சொல்வார்கள். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரெமுஸ் லாரி ஓட்டுகிறான். எங்களை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லியிருந்தவன், கடைசி நேரத்தில் ஆஸ்திரியாவுக்கு லோடு வந்துவிட்டது, முடியாது என்றான். போன ஈஸ்டருக்கும் இதே கதைதான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "எனக்கு நீ செத்துட்டடா" என்று சொல்லி போனை வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். எதிரே மேஜையில் அந்தத் தாள் கிடந்தது. அப்பா, அம்மா, அண்ணன் என்று மூன்று வரி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். நான்காவதாக அவனை எழுதினேன்.

எழுதியதும் மனசு குளிர்ந்தது, பொய் சொல்லவில்லை. போகிற கோயில்களில் கூடை கூடையாகத் தாள் கொட்டிக் கிடக்கும், எவன் வாசிக்கப் போகிறான் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலு நாளாக ரெமுஸ் போனை எடுக்கவில்லை. அந்தப் பக்கத்து மலைப்பாதைகளில் பனி கொட்டுகிறதாம்.

இன்று காலை பஸ்ஸில் டோம்னிகா பிளாஸ்டிக் பையோடு எழுந்து நின்றாள். கோயில் வேலை எதுவானாலும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறவள்.

"லாசரு கல்லறையில ஃபாதர் ஒவ்வொரு பேரா வாசிக்கப் போறாரு. கோழி கிறுக்கின மாதிரி எழுதியிருந்தா இப்பவே சொல்லிடுங்க!"

எங்கள் தாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அக்லாயாவின் கைப்பையில் இருந்தது. பிடுங்கினால் ஏன் என்று கேட்பாள். பெற்ற பிள்ளையைச் செத்தவர்களோடு சேர்த்து எழுதினேன் என்று எந்த வாயால் சொல்வது?

"ஒரு பேரு இடம் மாறி விழுந்துட்டா வெட்டிடலாம்ல?" என்று சும்மா கேட்பதுபோல டோம்னிகாவிடம் கேட்டேன்.

"என்னண்ணே, அவசரப்பட்டு மாமியாரைச் செத்தவங்க பக்கம் எழுதிட்டீங்களா?" பஸ்ஸே சிரித்தது. "வெட்டினா வேலைக்கு ஆகாதுண்ணே. எழுதின வரி எழுதினதுதான். அந்த வரிக்கு ஒரு ஆள் வேணும்ல."

சொல்லிவிட்டுப் பின்வரிசையிலிருந்து தாள்களை வாங்கிக்கொண்டு வரப் போனாள்.

"ஏங்க, பேனா குடுங்க" என்றாள் அக்லாயா. அவள் தங்கச்சிக்கு அனுப்ப வாங்கிய பட அட்டையில் எழுதப்போகிறாள் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடியும் ரெமுஸுக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் திரும்பியபோது எங்கள் தாள் டோம்னிகாவின் பைக்குள் போய்விட்டிருந்தது.

இப்போது எனக்கு முன்னால் இரண்டு படி கீழே அக்லாயா மெழுகுவத்தியோடு நிற்கிறாள். பின்னால் பேக்கரிக்காரர் நெகுலையின் தொந்தி முதுகில் இடிக்கிறது. ஒரு ஆள் அகலத்துக்குத்தான் படி. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது.

"தோதர்" என்று வாசிக்கிறார் ஃபாதர்.

என் அப்பா. எங்கள் தாள் வந்துவிட்டது.

"சஃப்தா."

அம்மா. மெழுகு விரலில் ஒழுகுகிறது, சுடுவதுகூட உறைக்கவில்லை.

"கோஸ்தாகே."

அண்ணன். நிறுத்துங்க ஃபாதர் என்று கத்த வாயைத் திறக்கிறேன். காற்றுதான் வருகிறது. ஆண்டவரே, இந்த இடத்தில்தானே செத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினீர். இதே இடத்தில் வைத்து என் பிள்ளையைக் கூப்பிட்டுவிடாதேயும். ஏதோ கோபத்தில் எழுதிவிட்டேன், ஆண்டவரே.

ஃபாதர் வாசிப்பதை நிறுத்துகிறார். தாளை மெழுகுவத்திக்குப் பக்கத்தில் கொண்டுபோய், அடித்துத் திருத்திய எழுத்தை உற்றுப் பார்க்கிறார்.

"அக்லாயா" என்று வாசிக்கிறார்.

"இளைப்பாற்றி கொடும்" என்கிறார்கள் எல்லோரும். நெகுலையும் என் காதுக்குப் பின்னால் சொல்கிறார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயரில் யாரும் செத்ததில்லை.

முன்னால் நிற்கிறவள் நிதானமாகச் சிலுவை போட்டுக்கொள்கிறாள். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, கையை மட்டும் பின்னால் நீட்டுகிறாள்.

அதில் என் பேனா இருக்கிறது.