திரை இல்லாத பெட்டி

முதலில் வெல்டரின் லீவு போனது. அடுத்து லேத்துக்காரரின் ஷிப்ட் மாற்று. கடைசியாக, மகளின் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க கிரேன் ஓட்டுநர் கேட்ட விடுப்பும் போனது. மூன்றுமே சங்கத்தின் இணையதளத்தில் இரவு ஷிப்ட்காரர்கள் போட்டு, பதிவாகாமலே போன விண்ணப்பங்கள்.

சங்கத் தலைவர், குரலுக்காகவே 'முழக்கம்' என்று பெயர் வாங்கியவர், தீர்மானத்தைத் தன் கையாலேயே எழுதினார். இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை வேலையிலிருந்து நீக்க வேண்டும். வாசிப்பதற்கு முன் விளக்கம் கேட்பது சங்கத்து முறை. கூட்டத்தை உட்காரவைத்துவிட்டு, அவள் வேலை செய்யும் பின்னறைக்குப் போனார்.

"பக்கம் பளிச்சுன்னு வருது. பட்டனை அமுக்கினா கல்லு மாதிரி நிக்குது. என்னம்மா இது?"

"பளிச்சுன்னு வர்றது வெப் சர்வர் வேலைண்ணே. தயாரா இருக்கிற பக்கத்தை எடுத்து நீட்டும், அவ்வளவுதான். லீவு பாக்கி இருக்கா, மாத்து ஆள் இருக்கானு பார்த்து முடிவு சொல்றது அப்ளிகேஷன் சர்வர். ராத்திரி அது நின்னுடுது. காலையில வந்து நான் கிளப்பிவிடறேன்."

"மேனேஜர் ஆபீஸ் மாதிரியில்ல இருக்கு. வாசல்ல வணக்கம், உள்ள ஆளில்லை."

அவள் சிரித்துவிட்டாள்.

"எது அந்த அப்ளிகேஷன் சர்வர்?"

மேசைக்கடியில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். மேசைமேல் இருந்த வெப் சர்வரைப் போல அதற்குத் திரை கிடையாது.

முழக்கம் குனிந்து அதன் சுவிட்சைப் பார்த்தார். சாயங்காலம் பூட்டும்போது விளக்கு, விசிறியோடு அந்தப் பெட்டியின் சுவிட்சையும் அணைப்பவர் அவர்தான். திரை எரிகிற பெட்டி உழைக்கிறது, இது சும்மா உட்கார்ந்து கரண்டு தின்கிறது என்பது அவர் எண்ணம்.

"யாரு அணைக்கிறாங்கன்னு தெரியுமா?"

"பெட்டியில கோளாறுன்னுதான் நினைச்சிருந்தேன். நேத்துதான் நீங்க அணைக்கிறதைப் பார்த்தேண்ணே."

"அப்புறம் ஏன் வாயைத் திறக்கல?"

"நாளைக்கு நீங்க நிர்வாகத்தோட பேச உட்காரணும். இன்னைக்கு இங்க தலை குனிஞ்சா அங்க எப்படி நிமிர்வீங்க? எனக்கு வேற வேலை கிடைக்கும்."

கண்ணுக்குத் தெரியாமல் உழைப்பவனை மதிக்காத முதலாளிகளை ஆயுசு முழுக்க வெளுத்து வாங்கியவர், கூட்டத்துக்குத் திரும்பினார்.

நின்றபடியே தீர்மானத்தை வாசித்தார். குற்றவாளியின் பெயர் வந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கியது.

"கேக்கலண்ணே," என்றது கடைசி வரிசை. அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வழக்கமான குரலில், கூரை அதிர அந்தப் பெயரை மறுபடி வாசித்தார்.

"சங்கத் தலைவர் முழக்கம்."