சொல்லிக்கொண்டு கிளம்புதல்

அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை மாடியில் கணவன் சாம்ராஜோடு கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய ஜெப ஷீலாவுக்கு, அவன் மதுரையிலிருந்து கொண்டுவந்த விளையாட்டின் கட்டளைகளை அவனுக்கு முன்பே கற்றுக்கொண்டதில் தலைகால் புரியாத பெருமை. அந்த விளையாட்டில் படமே கிடையாது. 'லுக்' என்று தட்டினால் நிற்கிற இடம் எழுத்தாக விரியும். 'நார்த்' என்றால் வடக்கே நடக்கலாம். 'ஸே' போட்டு எழுதுவது ஒயர் வழியாக அடுத்த கம்ப்யூட்டரில் ஆடுகிறவருக்குப் போய்ச்சேரும். வெளியேற 'க்விட்'.

சாம்ராஜ் சட்டென்று 'க்விட்' தட்டிவிடுவான். அவளோ 'போயிட்டு வாரேன்' என்று ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டுத்தான் கிளம்புவாள்.

"மெஷின்கிட்டயும் சொல்லிட்டுப் போகணுமாக்கும்?" என்று சிரிப்பான் அவன்.

"சொல்லாமக் கொள்ளாமப் போறது எங்க வீட்டுல பழக்கமில்ல."

அடுத்த கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போயிருந்த அன்று அவள் தனியாக விளையாடினாள். கிளம்பும்போது வழக்கம்போலத் தட்டினாள். திரையில் பதில் வந்தது: 'போயிட்டு வாங்க.'

"உங்களுக்கு வராத மரியாதை மெஷினுக்குள்ள இருக்கவுகளுக்கு வந்திருச்சு" என்றாள் சாம்ராஜிடம். அவன் நம்பவில்லை.

மறுநாள் சாயங்காலம் கரண்டு போனது. இருவரும் சென்டரைப் பூட்டக் கிளம்பினார்கள். வாசலில் நின்று, இருண்ட அறையைப் பார்த்து அவள் வாய்விட்டே சொன்னாள்: "போயிட்டு வாரேன்."

உள்ளே கீபோர்டு சத்தம் கேட்டது. ஒவ்வொரு எழுத்தாக, தேடித் தேடி.

சாம்ராஜ் அவசரமாகக் கதவை இழுத்துப் பூட்டப் போனான்.

"பொறுங்க" என்றாள் அவள் பெருமையாக. "இப்பத்தான கத்துக்கிறாக. அடிச்சு முடிக்கட்டும்."