தேய்த்த அஷ்ரஃபி

"இதை யார் தேய்ச்சது?"

கண்ணில் இடுக்கிய லென்ஸை எடுக்காமலே கேட்டார் சந்திரமோகன். வீட்டுக்குள் பாம்பு புகுந்துவிட்டதுபோல அவர் குரலில் ஒரு பதற்றம்.

மேஜையில் விரித்த வெல்வெட் துணியின் மேல் இரண்டு தங்க அஷ்ரஃபிகள் கிடந்தன. நிஜாம் காலத்துக் காசுகள். இரண்டிலும் அதே சார்மினார், அதே வருஷம். ஒன்று உறைந்த நெய்போல மங்கிக் கிடந்தது. இன்னொன்று நேற்றுதான் நகைக்கடையில் வாங்கி வந்தது மாதிரி ஜொலித்தது.

இரண்டும் போன வருஷம் காலமான அபயாம்பாள் விட்டுப்போனவை. பெரிய மருமகள் கனகவல்லிக்கு ஒன்று, சின்ன மருமகள் சுபாஸ்ரீக்கு ஒன்று என்று சொன்ன மாமியார், எது யாருக்கு என்று சொல்லாமல் கண்ணை மூடிவிட்டாள். அதனால்தான் பழங்காசுகளுக்குத் தரம் சொல்லும் சந்திரமோகனை மாரெட்பள்ளியிலிருந்து மல்காஜ்கிரியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வரவழைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே தரம் என்றால் ஆளுக்கொன்று. உசத்தி, மட்டம் என்று வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடுவதாக ஏற்பாடு.

மூத்த மகன் லட்சுமணன் ரயில்வேக்காரர். சந்திரமோகன் செருப்பைக் கழற்றியதிலிருந்து அவர் தன் மனைவியைப் பற்றிச் சொன்னதெல்லாம் ஒரே பாட்டுதான். "இவளுக்கு என்ன சார் தெரியும், எட்டாங்கிளாஸ்." ஃபேன் சுவிட்சை மாற்றிப் போட்டாலும் எட்டாங்கிளாஸ், பிஸ்கட் நமுத்துப்போயிருந்தாலும் எட்டாங்கிளாஸ்.

சின்னவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் மனைவி சுபாஸ்ரீ மட்டும் நேற்றே வந்து தங்கியிருந்தாள். ஐ.டி. கம்பெனி வேலை. சோபாவில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தேய்ச்சா என்ன சார், நல்லாத்தானே இருக்கு?" என்று லட்சுமணன் காசைக் கட்டைவிரலால் அழுத்தி எடுக்கப் போனார்.

"நக்கோ சார், நக்கோ, அப்படி வேண்டாம். விளிம்பைப் பிடிங்க." சந்திரமோகன் காசை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். "மயிரிழை மாதிரி கோடு சுத்திச் சுத்தி ஓடுது பாருங்க. பூஜை விளக்கைத் தேய்க்கற மாதிரி தேய்ச்சிருக்காங்க. பழங்காசுக்கு அந்த மங்கல்தான் சார் மதிப்பே. மங்கலா இருக்கே, அது முதல் தரம். மினார் உச்சிகூட மழுங்கல. இது இனி தங்கத்தோட விலைக்குத்தான் போகும்."

சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்ற கனகவல்லியின் முகம் வெளுத்துவிட்டது. பாவம், வீட்டுச் சொத்து நாசமானால் யாருக்குத்தான் வயிறு எரியாது என்று நினைத்துக்கொண்டார் சந்திரமோகன்.

லட்சுமணன் மனைவி பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் சோபாவிலிருந்து பதில் வந்தது.

"நான்தான் சார்."

சுபாஸ்ரீ போனைக் கீழே வைத்தாள். "நேத்து வந்ததும் தேய்ச்சேன். பளபளன்னு இருந்தா நல்ல கிரேடு வரும்னு நினைச்சேன்."

"அப்போ ஒண்ணை மட்டும் ஏன் தேய்ச்சீங்க?"

ஒரு கணம் தயங்கினாள். "அது எனக்குன்னு நினைச்சு வச்ச காசு."

சந்திரமோகனுக்கு ஒரு கெட்ட பழக்கம். காசுக்குத் தரம் சொல்லிச் சொல்லி, மனுஷர்களுக்கும் போட்டுவிடுவார். இவளுக்கு அந்த நிமிஷமே கடைசித் தரம் போட்டாயிற்று.

லட்சுமணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு பண்ற வேலையைப் பாருங்க. எங்க வீட்டம்மா எட்டாங்கிளாஸ்தான் சார். இத்தனை மாசமா காசு இவ பீரோவுலதான் கெடந்துச்சு. ஒரு விரல் வச்சிருப்பாளா? படிப்பு வேற, புத்தி வேற."

கனகவல்லி தட்டோடு ஓரடி முன்னால் வந்தாள். "இல்லைங்க, அது வந்து..."

"அக்கா, காபி ஆறுது. முதல்ல சாருக்குக் குடுங்க," என்று அவள் பேச்சை வெட்டினாள் சுபாஸ்ரீ.

பெரியவளைப் பேசக்கூட விட மாட்டேன் என்கிறாளே என்று சந்திரமோகன் பல்லைக் கடித்தார்.

கெடுத்தவளுக்கே கெட்டது போகட்டும், இனிச் சீட்டு எதற்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் லட்சுமணன். சுபாஸ்ரீ மறுபேச்சில்லாமல் தேய்த்த காசை டிஷ்யூ பேப்பரில் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வருத்தம் என்று பெயருக்குக்கூட அவள் முகத்தில் இல்லை. அவள் பேராசை அவளையே கடித்தது. நல்லதுதான் என்று காபியைக் குடித்துவிட்டு எழுந்தார் சந்திரமோகன்.

அவர் கீழே வந்து ஹெல்மெட்டை மாட்டும்போது, மேஜையில் விட்டுவிட்டு வந்த லென்ஸை எடுத்துக்கொண்டு சுபாஸ்ரீ ஓடி வந்தாள். அவர் முகம் கொடுக்காமல் வாங்கிக்கொண்டார். ஆனாலும் தொழில்காரர் மனசு கேட்கவில்லை.

"காசு இடுக்குல தேய்ச்ச பொருள் கொஞ்சம் ஒட்டிட்டிருக்கும். அதைப் பக்குவமாக் கழுவணும். புளின்னா ஒரு விதம், பவுடர்னா வேற விதம். நீங்க எதுல தேய்ச்சீங்க?"

சுபாஸ்ரீ விழித்தாள். பிறகு மெல்ல மாடியை அண்ணாந்து பார்த்தாள். பால்கனியில் லட்சுமணன் யாரிடமோ போனில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "எட்டாங்கிளாஸ்தாம்பா. ஆனா இவ புத்தி யாருக்கு வரும் சொல்லு."

"தெரியலையே சார்," என்றாள் சுபாஸ்ரீ. "அதை அக்காகிட்டதான் கேக்கணும். ஆனா இன்னைக்கு வேண்டாம். மாமா அக்காவைப் பாராட்டி நான் கேக்கறது இதுதான் முதல் தடவை."