மூன்றாவது பெயர்

"இந்த மூணாவது பேர் யாரும்மா?"

கட்டுரையின் முதல் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார் டைரக்டர் ரெமிஜியஸ்.

"அர்ஜுனன் சார்" என்றாள் சங்கமித்ரா.

"அது தெரியுது. எந்த யுனிவர்சிட்டி?"

"யுனிவர்சிட்டி இல்லை சார். டேனரி ரோடு பக்கம் ஆடு அறுக்கறவர்."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீணா மட்டும் ஆச்சரியப்படவில்லை. பக்கத்து லேப் விஞ்ஞானி அவள். புகார் எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

பெங்களூரில் அந்தக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் சங்கமித்ராவுக்கு மரபணு ஆராய்ச்சி. சில செம்மறிகள் மட்டும் ஒரே ஈற்றில் இரண்டு குட்டி போடுகின்றனவே, அதற்குக் காரணமான மரபணு எது என்று நாலு வருஷமாகத் தேடி, போன மாதம்தான் பிடித்திருந்தாள். கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போக வேண்டும். அதற்குள் இந்த விசாரணை.

"அவர் உங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள் வீணா.

"இல்லை. மர்பி டவுன்ல எங்க தெரு."

"அதானே பார்த்தேன்."

சங்கமித்ராவுக்குச் சுருக்கென்றது. ஆனால் இங்கே கோபப்பட்டால் காரியம் கெட்டுவிடும்.

"இத பாரும்மா" என்றார் டைரக்டர். "உன் ப்ரமோஷன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு. இந்த நேரத்துல எதுக்கு வம்பு? ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிக்கோ, கொஞ்சம் விட்டுக்குடு. அந்தப் பேரை எடுத்துடு."

"எடுக்க முடியாது சார்."

அவர் முகம் மாறியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"படிக்கறேன், கேளு. 'ஆராய்ச்சியில் நேரடியாகப் பங்கெடுத்தவரின் பெயர் மட்டுமே கட்டுரையில் இடம்பெற வேண்டும். தன் பங்கு என்னவென்று கேட்டால் அவருக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும்.' போதுமா? ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்போ அவரையே கேளுங்க சார். வெளியிலதான் உட்கார்ந்திருக்கார்."

டைரக்டர் இதை எதிர்பார்க்கவில்லை.

அர்ஜுனன் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"இந்த ஆராய்ச்சியில நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் என்னத்த சார் பண்ணேன்? தினம் காலைல ஆறு மணிக்கெல்லாம் மேடம் வந்து நிப்பாங்க. அறுத்த ஆட்டோட முட்டைப் பையை எடுத்துக் குடுப்பேன்."

"அவ்வளவுதானே?" என்றாள் வீணா.

"அவ்ளோதான் மேடம். முட்டை வெடிச்ச தழும்பு அந்தப் பையில வழக்கமா ஒண்ணுதான் இருக்கும். சில ஆட்டுல பார்த்தா ரெண்டு, மூணு. அப்போ ரெண்டு குட்டி போடற ஆடுதானே? எல்லாமே சின்னக் காது ஆடு. இது என்ன மேடம்னு காட்டினேன். அப்புறம் வியாபாரியைப் புடிச்சு, எங்க வாங்கினீங்கன்னு கேட்டேன். எல்லாம் சிரா ஊர்ப் பக்கம் ஒரே மந்தைல இருந்து வந்தது. மேடத்தை நான்தான் அங்க கூட்டிட்டுப் போனேன்."

வீணா பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

"ஒவ்வொரு ஆட்டு ரத்தத்துக்கும் அதோட பைக்கும் ஒரே நம்பர் கட்டினேன் சார். நானூத்திப் பன்னெண்டு ஆடு. ஒண்ணுகூட மாறல."

"மாறலன்னு எப்படிச் சொல்றீங்க?" வீணா விடவில்லை.

அர்ஜுனன் சங்கமித்ராவைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

"பத்து ஆட்டுக்கு ஒரு ஆடு, அதோட ரத்தத்தை ரெண்டு குப்பியில புடிச்சு, வேற வேற நம்பர் போட்டு அனுப்புவேன். ரிசல்ட் வந்தப்புறம்தான் மேடத்துக்கே சொல்வேன். லேப்ல ரெண்டும் ஒரே ஆடுன்னு வந்துச்சுன்னா வேலை சுத்தமா நடக்குதுன்னு அர்த்தம். ஒருநாளும் தப்பா வரல."

வீணா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். "நான்கூட இப்படிச் செஞ்சதில்லை" என்று முணுமுணுத்தாள்.

அர்ஜுனன் டைரக்டரைப் பார்த்துக் கைகூப்பினார். "என் பேரால மேடத்துக்குத் தொந்தரவுன்னா அதை எடுத்துடுங்க சார். ஆடு அறுக்கறவனுக்கு எதுக்குப் பேரு?"

"நீங்க சும்மா இருங்கண்ணா!"

சங்கமித்ராவின் குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது.

"என் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார்" என்றாள் வீணா.

"அதெப்படி? நீங்க வாபஸ் வாங்கினா ரூல் இல்லாம போயிடுமா?" டைரக்டர் விதிப் புத்தகத்தை மேஜைமேல் தட்டினார். "சங்கமித்ரா, கடைசியா கேக்கறேன். ரூல்படி நடப்பியா, மாட்டியா?"

சங்கமித்ரா கட்டுரையின் முதல் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ப்ரமோஷன் போனால் போகட்டும்.

"நடக்கறேன் சார். நீங்க படிச்சப்பதான் என் தப்பு எனக்குப் புரிஞ்சுது. இந்தக் கட்டுரையில இருக்கக் கூடாத பேர் ஒண்ணு இருக்கு."

பேனாவைத் திறந்தாள். ஒரே கோடு. ஓரத்தில் கையெழுத்தும் போட்டு, தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று தாளை எடுத்துப் பார்த்தார் டைரக்டர்.

அர்ஜுனன் பெயர் அப்படியே இருந்தது. கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது, நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த லேபுக்குள் கால் வைக்காத டாக்டர் ரெமிஜியஸின் பெயர்தான்.