இடையில் நிற்காது

இரண்டாவது ஊசியிலும் ரத்தம் வரவில்லை.

"எம்மா, உனக்கு ரத்தம் எடுக்கத் தெரியுமா, தெரியாதா?"

பெருமாள்ராஜ் கேட்டேவிட்டான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான்.

அவன் அம்மா சந்தனமாரிக்கு இரண்டு கையிலும் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. ரத்தம் எடுக்கும் பெண் சாலோமி ரப்பர் பட்டையை அவிழ்த்தாள். ஒரு பதற்றம் இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எரிச்சலுக்கு அடியில் இருந்தது பயம். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். சர்க்கரை வேறு. இந்த மாதத்திலேயே இரண்டு தடவை வலியில் சுருண்டு விழுந்துவிட்டாள். இன்னொரு தடவை கல் அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்கு இன்று பத்து மணிக்குள் ரத்தம் லேபுக்குப் போயாக வேண்டும். தவறினால் டாக்டர் வெளியூர் போய்விடுவார், திரும்பி வர மூன்று வாரம். அதுவரை அந்தக் கல் சும்மா இருக்குமா?

சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பது.

நேரம் தவறுவது அவனுக்கு ஆகவே ஆகாது. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் இடைநில்லாப் பஸ்ஸுக்கு டிரைவர். கை காட்டினாலும் நிற்காது, காலில் விழுந்தாலும் நிற்காது. போன மாதம் சேரன்மகாதேவி தாண்டி, 'ஒரு நிமிஷம் ஓரமா நிறுத்துய்யா' என்று கேட்ட பெற்ற தாயையே, கிளம்பும்போதே போய்விட்டு வரக் கூடாதா என்று அத்தனை பேர் முன்னாலும் அதட்டி உட்கார வைத்தவன். கண்டக்டர்கூட அசந்துபோய்விட்டான்.

இன்றைக்கும் அம்மாவை அதே பஸ்ஸில் முன் சீட்டில் ஏற்றி, ஒரு நிமிஷம் பிந்தாமல் கொண்டுவந்து சேர்த்திருந்தான். அடுத்த டிரிப்பை இன்னொரு டிரைவர் சொரிமுத்துவிடம் ஒப்படைத்துவிட்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தால், சொட்டு ரத்தம் எடுக்க ஆளில்லை.

"தண்ணி குடிச்சியளாம்மா?" சாலோமி கேட்டாள்.

சந்தனமாரி மகனை ஒரு பார்வை பார்த்தாள். "குடிச்சேன் தாயி."

"எப்போ?"

சந்தனமாரி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். சாலோமி அவள் உதட்டைப் பார்த்தாள். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, கேன்டீன்ல கொஞ்சம் வெந்நி வாங்கிக் குடுத்துட்டு வெளிய இருங்க. அவசரப்படாம பைய எடுத்துக்கிடலாம்."

"பைய எடுக்கியா? பத்து மணி தாண்டுனா நீயா ஆபரேஷன் பண்ணுவ?"

வேறு வழியில்லாமல் வெந்நீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றான்.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் ஒரு துண்டை வெந்நீரில் நனைத்து அம்மாவின் கையில் சுற்றினாள். கையைத் தொங்கப்போடச் சொன்னாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள், பிறகு இன்னொன்று. நாற்காலியை இழுத்துப்போட்டுப் பேச உட்கார்ந்துவிட்டாள். அம்மா அவள் காதருகே குனிந்து என்னவோ சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தாள். உடனே மூன்றாவது டம்ளர். இருவரும் சிரிக்க வேறு செய்தார்கள்.

ஒன்பது இருபது. அம்மா அடுப்படியில் சுருண்டு கிடந்த கோலம் கண்ணுக்குள்ளேயே நின்றது. நேரே வரவேற்பு மேஜைக்குப் போய், சாலோமி என்ற பெயரைச் சொல்லி, வேலை தெரியாதவளை வைத்திருக்கிறீர்கள் என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

வந்து பார்த்தால் மூன்று குப்பியிலும் ரத்தம் நிறைந்திருந்தது. ஒரே குத்து. மணி ஒன்பது முப்பத்தைந்து.

அழுகையே வந்துவிடும் போலிருந்தது அவனுக்கு. அதைக் காட்டிக்கொள்ளத் தெரியாமல் அதட்டினான்.

"இத மொதல்லயே எடுத்திருக்க வேண்டியதுதான?"

"உடம்புல தண்ணி குறைஞ்சா நரம்பு சுருங்கிரும் அண்ணாச்சி. ஊசி பட்டா நழுவும். வெறும் வயித்துல வாங்கன்னு சொன்ன நாங்க, தண்ணி குடிக்கலாம்னு வெவரமாச் சொல்லல. தப்பு எங்க மேலதான்."

"அதுக்கில்ல தாயி..." என்று சந்தனமாரி வாயெடுத்தாள். சாலோமி அவள் கையை மெல்ல அழுத்தினாள்.

தப்பை ஒப்புக்கொண்ட ஆளை அவன் விடுவானா? வயசானவர்களுக்குப் பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டாமா, ஒரு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையா, சம்பளம் வாங்குவது எதற்கு என்று நிறுத்தாமல் கேட்டான். சாலோமி தரையைப் பார்த்தபடி, "சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி" என்று கேட்டுக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு டாக்டர் முடிவைப் பார்த்து வியாழக்கிழமையை உறுதி செய்தார். அதற்கப்புறம்தான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

பஸ் நிலையத்தில் அவன் ஓட்ட வேண்டிய பஸ் தயாராக நின்றது. அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து, மூடியைத் திருகி நீட்டினான்.

"நல்லாக் குடிம்மா. அந்தப் பிள்ளை சொன்னதக் கேட்டேல்லா?"

சந்தனமாரி பாட்டிலை வாங்கி, மூடியை இறுக்கி மூடி, மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஊர்ல இறங்கிக் குடிச்சுக்கிடுதேன்யா. காலையிலயும் அதனாலதான் குடிக்கல. நீ பஸ்ஸ நிறுத்த மாட்டேல்லா."