உதறிட்டுப் போ!

"ம்... முந்தானைய உதறு. அடுத்த ஆளு வா!"

ஏலக்காய்க் கிட்டங்கியின் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் கிருபாராணி. காய் பிரிக்கும் பெண்கள் வேலை முடிந்து வரிசையாக வந்து, அவள் எதிரில் முந்தானையை உதறிக் காட்டிவிட்டு வெளியே போனார்கள்.

பார்த்துக்கொண்டிருந்த யோகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டென்று போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

மலேசியாவில் ஈப்போவிலிருந்து தன்னந்தனியாகக் கிளம்பி ஊர் சுற்ற வந்தவள் அவள். காலையில்தான் போடியில் ரயிலை விட்டு இறங்கினாள். இறங்கியதுமே ஊருக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டாள். தெருக்கோடியிலேயே மலை நிற்கிறது. காற்று பாயசம் போல மணக்கிறது. என்ன, எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"யாரு வீட்டுக்குத் தாயி வந்திருக்க?"

"யார் வீட்டுக்கும் இல்ல ஆண்டி. ஊரச் சுத்திப் பார்க்க."

"இந்த ஊரையா!"

அப்படி வாயைப் பிளந்தவர்களில் ஒருத்திதான் சந்திரவல்லி. "பாக்குறதுன்னா எங்க கிட்டங்கிய வந்து பாரு. வெரசா நட, சோலிக்கு நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள்.

கிடங்குக்குள்ளே குவியல் குவியலாய் ஏலக்காய். பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதை பேசியபடியே பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று யோகேஸ்வரி கேட்டதும் ஒரே சிரிப்பு.

"பசியாறிட்டீகளாம்ல! சாப்டீகளான்னு கேக்குதுடி புள்ள!"

மத்தியானம் அத்தனை தூக்குவாளிகளும் அவளுக்காகத் திறந்தன.

நடுவில் ஈப்போவிலிருந்து அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். "தனியாப் போகாதேன்னு சொன்னேனே, கேட்டியா?"

"தனியாவா? இங்க பாருங்கம்மா!"

போனைத் திருப்பினாள். எல்லாரும் கையாட்டினார்கள். மேற்பார்வை பார்க்கும் கிருபாராணிகூட மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள்.

"இவ போடுற வீடியோவ எல்லாம் நான்தான் முதல்ல பார்ப்பேன்" என்று அவர்களிடம் பெருமை அடித்துக்கொண்டாள் அம்மா.

"வர்றப்ப உங்களுக்கு ஏலக்காய் கொண்டு வர்றேன்மா!" என்று சொல்லிக் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள் யோகேஸ்வரி.

அப்படிச் சிரித்த கிருபாராணியா இவள்?

"மக்களே, பாருங்க! நாள் முழுக்க வேலை வாங்கிட்டு, போறப்ப திருடிங்க மாதிரி சோதிக்கிறாங்க!" என்று போனிடம் முறையிட்டவள், அதை ஓடவிட்டபடியே ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு நேரே கிருபாராணியிடம் போனாள்.

"இது அநியாயம் ஆண்டி! இவங்களுக்கெல்லாம் மானம் இல்லையா?"

சந்திரவல்லி இடையில் புகுந்தாள்.

"அட, விடு தாயி. உதறிட்டுப் போனாத்தான் நாங்க நிமிந்து நடக்கலாம். நாளைக்கு எவனும் பல்லு மேல நாக்கப் போட்டுப் பேச முடியாதுல்ல?"

"அப்ப நானும் உதறுவேன்!"

"நீ விருந்தாளி. உனக்கெதுக்கு?"

"எல்லாருக்கும் ஒரே ரூல்தான்!"

துப்பட்டாவை உதறினாள். ஒன்றும் விழவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுதானே? கைப்பையைத் திறந்து, பக்கத்து மேசையில் அப்படியே கவிழ்த்தாள்.

பாஸ்போர்ட் விழுந்தது. சீப்பு விழுந்தது. பின்னாலேயே சலசலவென்று ஒரு கைப்பிடி ஏலக்காயும் விழுந்தது.

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கென்று அள்ளிப் போட்டது. இத்தனை பெரிய குவியலில் ஒரு கைப்பிடி குறைந்தால் யாருக்குத் தெரியும் என்று எடுத்தவள், கோபத்தில் அதை மறந்தே போயிருந்தாள். இப்போது காதெல்லாம் சூடாகிவிட்டது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"யாரு வேலை இது?" என்றாள் கிருபாராணி.

கேட்காமல் காயை எடுத்தவர்கள் மறுநாள் சோலிக்கு வரவேண்டியதில்லை. அங்கே அதுதான் சட்டம்.

"நான்தான்க்கா போட்டுவிட்டேன்" என்றாள் சந்திரவல்லி. "வந்த புள்ள வெறுங்கையோடவா போகும்?"

"நானுந்தான்க்கா!" என்றாள் இன்னொருத்தி.

"நானும்!" உதறிவிட்டு வெளியே போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள்.

"இல்ல ஆண்டி, நான்தான்..." என்று யோகேஸ்வரி வாயைத் திறந்தாள். சந்திரவல்லி நறுக்கென்று அவள் காலை மிதித்தாள்.

கிருபாராணி ஒரு காயை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். பெண்களை ஒருமுறை பார்த்தாள்.

"கூறுகெட்டவளுகளா! கடல் தாண்டி வந்த புள்ளைக்குக் குடுக்குற காயாடி இது? அம்புட்டும் பொடிசு! போயி நல்லாப் பெருசா, எட்டு மில்லிக் காயா ரெண்டு கை அள்ளிக் கொண்டா. முதலாளிட்ட நான் சொல்லிக்கிறேன்."

கிட்டங்கியே சிரித்தது. யோகேஸ்வரிக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

கிருபாராணியே பொட்டலம் கட்டிக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு யாருக்கும் கேட்காதபடி அவள் காதருகே குனிந்தாள்.

"என்னையத் திட்டுனது வீடியோவுல இருந்துட்டுப் போகட்டும் ஆத்தா. பையக் கவுத்துனத மட்டும் வெட்டிரு. உங்கம்மாதான முதல்ல பாப்பாக?"